தீவகப் பாடசாலைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

கனடாவில் வாழும் எங்கள் ஊரவர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். எமது தீவிலிருந்து சென்று அங்கே குடியேறியவர்கள் பழைய மாணவர் சங்கம் ஒன்றை நடத்தி வருகிறார்கள். ஆண்டுக்கொரு தடவை விருந்து வைத்துப் பணம் திரட்டிப் பாடசாலைக்கு அனுப்புவது வழக்கம். "அண்ணை, இந்த முறை கொஞ்சம் நல்லாக் காசு சேர்ந்திருக்கு. பள்ளிக்கூடத்துக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ. ஸ்மார்ட் போர்ட் வாங்குவம் எண்டு சில பேர் நிக்கினம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறித் தொலைபேசியை வைத்தேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். கல்விச் செய்திகள் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். கட்டடத் திறப்பு விழா, கணினி அன்பளிப்பு, அதிபரின் மணிவிழா, ஆசிரியர் பற்றாக்குறை, பரீட்சைப் பெறுபேறு என எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் ஒரு பிள்ளையின் மனத்தில் ஒரு பாடம் எவ்வாறு தங்குகிறது, எவ்வாறு நழுவிப் போகிறது என்பதைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பாடசாலை என்ற ஒன்று இருப்பதே அதற்காகத்தான் என்றபோதும், அதைச் செய்தியாக நாங்கள் கருதியதில்லை. இக்கட்டுரை அந்தப் பழைய கடனைச் சிறிதளவேனும் தீர்க்கும் முயற்சி.

தீவகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் சிதறிக் கிடக்கும் நிலத்துண்டுகளே தீவகம். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் பண்ணைப் பாலத்தின் வழியே பஸ்ஸில் போகலாம். அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தாம்போதி உண்டு. வீதி புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கு ஏறத்தாழ இருபது நிமிடமும், நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் கடற்பயணம். அனலைதீவும் எழுவைதீவும் அவ்வாறே கடலை நம்பி வாழ்பவை. போர் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்துக்குள் நுழைந்தபோது வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களில் பெரும்பாலானோர் வெளியேறினர். பலர் திரும்பவே இல்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நெடுந்தீவு முழுவதிலும் இருந்தவர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர்தான். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படித்த பாடசாலைகள் சிலவற்றில் இன்று ஒரு வகுப்பில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

எஞ்சியிருக்கும் குடும்பங்களும் ஏன் வெளியேறுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் என்பார்கள், தொழில் என்பார்கள், வைத்தியம் என்பார்கள். தாய்மாரிடம் கேட்டால் முதலில் வருவது "பிள்ளையின்ரை படிப்பு" என்ற பதில்தான். மூத்த பிள்ளை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நெருங்கும்போது யாழ்ப்பாண நகரில் ஒரு வாடகை வீடு பார்க்கப்படுகிறது. ஒரு குடும்பம் போனால் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் குறைகின்றன. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் தொகை குறைகிறது. ஆசிரியர் குறைந்தால் அடுத்த குடும்பமும் புறப்படுகிறது. ஆகவே தீவகத்து வகுப்பறையில் கற்பித்தல் எவ்வாறு நடக்கிறது என்பதில் ஒரு தீவில் இனி மக்கள் வாழ்வார்களா என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நெடுந்தீவுக்குப் போன ஒரு பயணத்தில் இளம் ஆசிரியர் ஒருவர் என் அருகே அமர்ந்திருந்தார். குடாநாட்டின் மறுகோடியிலுள்ள ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, படகேறிக் கற்பிக்கப் போகிறவர். காற்றுக் காரணமாக முந்திய வாரம் படகு சில நாட்கள் ஓடவில்லை. "அந்த நாட்களின் பாடங்களை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "ஓட்டமா ஓடி எடுத்து முடிக்கிறதுதான் ஐயா. பாடத்திட்டம் நிக்காதே" என்றார். அவர் சோம்பேறி அல்லர். கடமையுணர்வு மிகுந்தவர் என்பதை அவர் கையிலிருந்த பாடக்குறிப்புக் கொப்பியே காட்டியது. ஆனால் அவர் சொன்ன அந்த "ஓட்டம்" பற்றி நான் பின்னர் நிறைய யோசித்தேன்.

மனித மனம் எவ்வாறு கற்கிறது, எவ்வாறு மறக்கிறது என்பதை ஆராயும் துறை இன்று கற்றல் விஞ்ஞானம் என்ற பெயரில் வளர்ந்திருக்கிறது. அதன் வேர் பழையது. 1885 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தாம் எவ்வளவு விரைவில் மறக்கிறார் என்பதைத் தம்மீதே அளந்து நூலாக வெளியிட்டார். மறதி முதல் மணித்தியாலங்களிலும் முதல் நாட்களிலும் மிக வேகமாக நிகழ்கிறது, பின்னர் அதன் வேகம் தணிகிறது என்பது அவர் கண்டது. ஒரே இருப்பில் பலமுறை ஓதுவதைவிட, நாட்களை இடைவிட்டு ஓதுவது நிலைக்கும் என்பதையும் அவர் கண்டார். அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் இந்த இரண்டாவது உண்மையை உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இன்னொரு பரிசோதனை 2006 ஆம் ஆண்டில் வெளியானது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்தது. மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு முறையில், வாசித்ததையே மறுபடி வாசித்தனர். மற்ற முறையில், ஒருதரம் வாசித்துவிட்டுத் தாளை மூடி, நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி வாசித்தவர்களே முன்னின்றனர். அவர்கள் நினைவில் வைத்திருந்தது 81 சதவீதம், மற்றவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மறுபடி வாசித்தவர்களிடம் எஞ்சியது 42 சதவீதம். தாளை மூடிவிட்டு நினைத்துப் பார்த்தவர்களிடம் 56 சதவீதம்.

இதை வாசித்தபோது என் முதலாவது ஆசிரியபீடம் நினைவுக்கு வந்தது. நான் இளம் நிருபனாக இருந்தபோது, கூட்டமொன்றுக்குப் போய்விட்டுக் கொப்பி நிறையக் குறிப்புகளோடு வந்து நிற்பேன். செய்தி ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, "கொப்பியை மூடிப்போட்டு, என்ன நடந்தது எண்டு சொல்லும் தம்பி" என்பார். திக்கித் திணறிச் சொல்வேன். "இப்ப சொன்னதுதான் செய்தி. போய் எழுதும். பெயரையும் எண்ணிக்கையையும் பிறகு கொப்பியிலை பார்த்துச் சரிபாரும்" என்பார். அப்போது அவர்மீது எனக்குக் கோபம். இன்று யோசித்தால், எனக்கு எழுதக் கற்றுத்தந்தது அந்த மூடிய கொப்பிதான்.

இப்போது அந்தப் படகு ஆசிரியரிடம் திரும்புவோம். காற்று மூன்று நாள் வகுப்பைத் தின்றுவிட்டது. நான்காம் நாள் அவர் வேகவேகமாக நான்கு நாட் பாடத்தையும் சொல்லி முடிக்கிறார். பாடக்குறிப்பில் எல்லாம் நிறைவேறிவிட்டது. அன்று மாலை கேட்டால் பிள்ளைகளும் சொல்வார்கள். அடுத்த வாரம் கேட்டால் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். அவருடைய உழைப்பு வீணானதற்கு அவர் காரணமல்லர். ஆனால் அதே நாளில் அவர் புதுப் பாடத்தைத் தொடாமல், கொப்பிகளை மூடச் சொல்லி, போன கிழமைப் பாடத்திலிருந்து ஐந்து கேள்வி, போன மாதத்துப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி கேட்டுத் தொடங்கியிருந்தால், காற்று உண்டாக்கிய இடைவெளியே அவருக்கு உதவியாயிருக்கும். சிறிது மறந்தபின் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதே நினைவை வலுப்படுத்துகிறது என்பதுதான் மேற்சொன்ன ஆய்வுகளின் சாரம். சோழகமும் வாடையும் தீவகத்து நாட்காட்டியின் பகுதிகள். அவை வராதென்று எண்ணி வகுத்த பாடத்திட்டத்தின் பின்னால் ஓடுவதைவிட, வரும் என்று எண்ணி வகுப்பதே அறிவுடைமை.

"எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை போதாதென்றா இன்னும் கேள்வி கேட்கச் சொல்கிறீர்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் சொல்வது புள்ளி இடாத கேள்வி. பிள்ளையைத் தரம் பிரிப்பதற்காகக் கேட்பது வேறு, பிள்ளை தன் நினைவைத் தேடிப் பார்ப்பதற்காகக் கேட்பது வேறு. முன்னதில் தவறான விடைக்கு அவமானம் உண்டு. பின்னதில் தவறான விடை, ஆசிரியர் அடுத்து எதைச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளம். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடங்களில் கேள்விக்கும் பிரம்புக்கும் இடையே தூரம் அதிகம் இருக்கவில்லை. அதனாலேயே கேள்வி என்றால் இன்றும் நாம் அஞ்சுகிறோம்.

கணிதத்திலும் இதைப்போல ஒரு பாடம் உண்டு. ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில், நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் காணும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தனர். ஒரு குழு ஒவ்வொரு வகையாக முடித்துச் சென்றது. மற்றக் குழுவுக்கு வகைகள் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரத்தின்பின் வைத்த சோதனையில் முதற்குழு 20 சதவீதமும், கலந்து செய்த குழு 63 சதவீதமும் பெற்றன. வகுப்பறையில் சுலபமாக ஓடுவது எல்லாம் கற்றலாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தனியார் கல்வி நிலையங்களில் ஒரே வகைக் கணக்கை நாற்பது தடவை செய்து "விளங்கிவிட்டது" என்று வீடு திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இவையெல்லாம் மேற்குலகம் நேற்றுக் கண்டுபிடித்தவை என்று எண்ணிவிட வேண்டாம். பவணந்தி முனிவரின் நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இலக்கணத்தைத் தொடங்குமுன் அதன் பாயிரம் கற்பித்தலையும் கற்றலையும் பற்றிப் பேசுகிறது. பாடத்தைப் போற்றுதல், கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்த்தல், மறுபடியும் ஆசிரியரை அடைந்து தெளிதல், உடன் கற்போரோடு பயில்தல், வினாவுதல், வினாவியதற்கு விடை சொல்லுதல் என்று மாணவன் செய்ய வேண்டியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. இன்னும் ஒரு கணக்கும் சொல்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மாணவனுக்கு வாய்ப்பது புலமையில் காற்பங்குதான். உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வாய்க்கிறது. பவணந்தியார் பரிசோதனை செய்து பார்த்தவரல்லர். ஆனால் வகுப்பறையை உற்றுப் பார்த்தவர் என்பதில் ஐயமில்லை.

பழந்தமிழர் கல்வியை உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் தீவகத்து மைந்தரே என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஊர்காவற்றுறையின் கரம்பொன்னில் 1913 ஆம் ஆண்டில் பிறந்த தனிநாயகம் அடிகளை, 1966 இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டோடு சேர்த்தே பலரும் நினைக்கிறோம். அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர் என்பதும், இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு பழந்தமிழரின் கல்விச் சிந்தனையைப் பற்றியது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடிகளுக்குச் சிலை வைப்பது நன்று. அவர் பிறந்த மண்ணில் கற்றல் பற்றிச் சிந்திக்கும் ஆசிரியர் குழாம் ஒன்று உருவானால் அது இன்னும் நன்று.

அடுத்து, சிறிய பாடசாலைகளின் பெருங்குறையாகச் சொல்லப்படும் ஒன்றைப் பார்ப்போம். ஆசிரியர் தொகை வகுப்புகளின் தொகையைவிடக் குறைவு. ஆகவே மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே ஆசிரியர் ஒரே மண்டபத்தில் வைத்துப் பார்க்க நேர்கிறது. நான் படித்ததும் அப்படியொரு மண்டபத்தில்தான். எங்கள் வாத்தியார் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பாருக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்க விட்டுவிட்டுத் தாம் நான்காம் வகுப்புக்குப் போய்விடுவார். மனிதர் தம் வேலையை எங்கள் தலையில் கட்டுகிறார் என்றே நினைத்தேன். எட்டாம் வாய்பாட்டில் நான் இன்றும் தடுமாறாததற்குக் காரணம், அதை நான் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் என்று பின்னாளில் விளங்கியது.

இதுவும் நம்மவரிடையே இருந்த முறைதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறியாத தமிழர் யார்? 1789 ஆம் ஆண்டளவில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியொன்றை நடத்தப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797 இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூல் இங்கிலாந்தில் பெரும் இயக்கத்துக்கே வித்திட்டது. நம் காலத்தில் கொலம்பியாவின் கிராமங்களில் 1970 களில் தோன்றிய எஸ்குவேலா நுவேவா என்ற திட்டமும், ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குக் கிராமியப் பள்ளிகளும் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து கற்பதற்கென்றே வகுக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் அந்த வழியில் வந்ததே. ஆக, கூட்டு வகுப்பு என்பது தானாகவே குறையாகிவிடாது. அதற்கென்று கற்பிக்கும் முறையை ஆசிரியருக்குப் பழக்காமல், தனி வகுப்புக்கான கைந்நூலைக் கொடுத்து அனுப்புவதே குறை.

எல்லாம் சரி, இதை யார் செய்வது? இங்கேதான் அதிபர் வருகிறார்.

எங்கள் அதிபர்களின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை நான் அறிவேன். சுற்றுநிருபம், படிவம், மதிய உணவுக் கணக்கு, கட்டடத் திருத்தம், விளையாட்டுப் போட்டி, வலயக் கூட்டம். கடல் கடந்த தீவின் அதிபருக்கு ஒரு கூட்டம் என்றால் ஒரு முழுநாள் போய்விடும். இத்தனைக்குமிடையில் வகுப்பறைக்குள் போக நேரம் கிடைப்பது அரிது. போனாலும் மேற்பார்வைப் படிவத்தோடு போவார். ஆசிரியர் அன்றைக்கென்று ஒரு பாடத்தை அலங்கரித்து வைத்திருப்பார்.

நியூசிலாந்தின் விவியன் ரொபின்சனும் அவருடைய சகாக்களும் 2008 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாடசாலைத் தலைமைத்துவம் பற்றி அதுவரை வெளியான பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, அதிபர் செய்யும் காரியங்களை ஐந்து வகையாகப் பிரித்து, எது பிள்ளைகளின் கற்றலில் அதிகம் பிரதிபலிக்கிறது என்று பார்த்தனர். இலக்கு வகுத்தல், வளங்களைப் பங்கிடல், கற்பித்தலைத் திட்டமிட்டுக் கண்காணித்தல், ஒழுங்கான சூழலைப் பேணுதல் ஆகிய எல்லாவற்றிலும் பார்க்க மேலோங்கி நின்றது ஒன்று. ஆசிரியர்கள் கற்பதற்கு வழிசெய்து, அந்தக் கற்றலில் அதிபர் தாமும் ஒரு மாணவராக உட்காருவதே அது. ஆசிரியர்களைக் கருத்தரங்குக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்தில் இருந்துவிடுவது இதிலடங்காது.

இவ்வாறு உட்காராமல் மேலிருந்து இறக்கினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2007 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு தேர்ச்சி மையக் கலைத்திட்டமும், ஈடுபடுத்தல் முதல் மதிப்பிடல் வரையான ஐந்து படிகளைக் கொண்ட கற்பித்தல் மாதிரியும் இலங்கைப் பாடசாலைகளுக்கு வந்தன. அதன் அடிப்படை நல்ல அடிப்படைதான். பிள்ளை ஏற்கனவே அறிந்ததிலிருந்து தொடங்க வேண்டும், தானே தேடிக் காண வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆனால் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பலர் அதை ஐந்து தலைப்புகளாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். பாடக்குறிப்பில் ஐந்து தலைப்பும் இருந்தால் மேற்பார்வையாளர் ஒப்பமிட்டார், இல்லையேல் ஒப்பமிடவில்லை. கற்றல் பற்றிய ஒரு கருத்து படிவமாக மாறிவிட்டால் அது வகுப்பறையை எட்டாது.

ஆகவே தீவகத்து அதிபர்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பாடத்தின் முதற் பத்து நிமிடமும் மூடிய கொப்பியோடு தொடங்கட்டும். வாரத்தில் ஒருமுறை அதிபர் படிவமில்லாமல் ஒரு வகுப்பின் பின்வாங்கில் போய் அமரட்டும். பின்னர் அந்த ஆசிரியரோடு ஒரு தேநீர் குடித்து, "இந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது?" என்பதை மட்டும் பேசட்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பிள்ளையும் எதை அறிந்திருக்கிறது, எதில் நிற்கிறது என்பதை எழுதிவைக்கும் ஒரு பேரேடு இருக்கட்டும். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்து ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் படகேறும்போது, அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர் அறிந்த அத்தனையும் அவரோடு படகேறிவிடுகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த இழப்பைத் தடுக்க ஒரு நூறுபக்கக் கொப்பி போதும்.

இங்கே எங்கள் தொழிலின் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டவர்கள் நாங்கள். அதிபரை அருகில் நிறுத்திப் படம் எடுத்தவர்கள் நாங்கள். ஒருமுறை சிறுதீவொன்றின் அதிபரிடம், "உங்கள் பாடசாலையில் இவ்வருடம் எத்தனை பேர் சித்தி?" என்று கேட்டேன். "சித்தி ஒருவருமில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாமலிருந்த நான்கு பிள்ளைகள் இப்போது வாசிக்கிறார்கள்" என்றார். அதை நான் எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்குச் செய்தியாகத் தோன்றவில்லை. அந்த நான்கு பிள்ளைகளை இன்றும் நினைத்துக் கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கற்றல் விஞ்ஞானம் ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாது. கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் கலந்து கணக்குச் செய்யச் சொல்வது கேலிக்கூத்து. பழுதின்றி ஓடும் படகு, ஆசிரியருக்குத் தங்குமிடம், கிணற்றில் நல்ல தண்ணீர், பிள்ளைக்குக் காலை உணவு ஆகியவற்றுக்கான பொறுப்பிலிருந்து அரசாங்கமோ மாகாண நிர்வாகமோ இக்கட்டுரையைக் காட்டி நழுவ முடியாது. அதேவேளை, இவை எல்லாம் வந்துசேரும் வரை வகுப்பறையில் செய்யக்கூடிய எதுவுமில்லை என்பதும் உண்மையன்று. இன்று காலை படகில் வந்திறங்கிய ஆசிரியருக்கும், அவருக்காகக் காத்திருந்த ஐந்து பிள்ளைகளுக்கும் இடையிலான அந்தச் சில மணித்தியாலங்கள் எங்கள் கையில்தான் இருக்கின்றன.

இத்தனையும் யோசித்துவிட்டுக் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, ஸ்மார்ட் போர்ட் பிறகு பார்ப்பம். முதலிலை பிள்ளைக்கொரு சிலேற்று வாங்குங்கோ" என்றேன். மறுமுனையில் சிரிப்பு. விளக்கினேன். ஸ்மார்ட் போர்டில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை எழுதும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சிலேற்றில், அல்லது இப்போது கிடைக்கும் சிறு வெண்பலகையில், விடையெழுதித் தூக்கிக் காட்டினால், எல்லாப் பிள்ளையும் நினைத்துப் பார்க்க வேண்டிவரும். யாருக்கு விளங்கவில்லை என்பது ஆசிரியருக்கு ஒரு பார்வையில் தெரியும். மிஞ்சும் பணத்தில், அயல் தீவுகளின் சிறிய பாடசாலை ஆசிரியர்களும் அதிபர்களும் மாதமொரு தடவை ஓரிடத்தில் கூடிப் பேசுவதற்கான படகுச் செலவையும் மதியச் சாப்பாட்டையும் பொறுப்பெடுங்கள் என்றேன். படகிலேயே பேசலாமே என்று முதலில் நானும் நினைத்ததுண்டு. எஞ்சின் இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் சொல்வதே கேட்காது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் சிலேற்றுக்கும் சாப்பாட்டுக்கும் எண்டால் ஆர் காசு தருவினம்? திறப்பு விழா வைக்கவும் ஏலாது, பேர் எழுதி ஒட்டவும் இடமில்லை" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாத உதவிக்குப் பணம் சேர்ப்பது கடினம். வரும் ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். சங்கத்தில் உள்ளவர்களிற் பலர் என்னைப் போலவே அந்த மண்டபத்தில் இருந்து இளையவர்களுக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தவர்கள். அதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.